கம்பள வண்டும் பட்டுப்புடவையும்: இங்கிலாந்தில் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு

பொங்கலுக்கு முதல் நாள் ராத்திரி அலமாரியிலிருந்து என் முகூர்த்தப் பட்டை எடுத்து உதறினேன். அரக்கு நிறம், பச்சைக் கரை, காஞ்சிபுரத்தில் எடுத்தது. கொசுவம் வரும் இடத்தில், மடிப்பை ஒட்டி ஐந்தாறு ஓட்டைகள். ஒரு ஓட்டையில் பட்டு முழுக்கப் போய் ஜரிகை மட்டும் முடி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. கட்டில் மேல் மணல் போல ஏதோ கொட்டியது, அந்த மணலில் ஒன்று மெதுவாக நகர்ந்தது. அரிசியைவிடச் சின்னது, உடம்பெல்லாம் ரோமம்.

நாங்கள் இருப்பது லண்டனில் ஹாரோ பக்கம், ஒரு பழைய வீட்டின் மாடிப் பகுதி. படுக்கையறை, ஹால், படிக்கட்டு எல்லாம் கார்ப்பெட். சிமென்ட் தரையைப் பெருக்கித் துடைத்து வளர்ந்த நமக்கு, கார்ப்பெட்டின் ஓரத்தில் என்ன குடியிருக்கும் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. எனக்கு இது புரிந்து, அடங்க நான்கு மாதம் ஆனது. அதில் முதல் ஒரு மாதம் முழுக்க வீண், ஏனென்றால் நான் பார்த்த அன்றே கடைக்கு ஓடி ஸ்ப்ரே வாங்கி அலமாரி முழுக்க அடித்தேன், மூன்று வாரத்தில் மறுபடி புழு வந்தது, அதற்குள் வீட்டுக்காரரிடம் காட்ட வேண்டிய ஆதாரத்தையும் துடைத்து எறிந்திருந்தேன். அதனால் கீழே சொல்லியிருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள். மருந்து ஆறாம் படியில்தான்.

1. முதலில் இது கம்பள வண்டுதானா என்று உறுதி செய்யுங்கள்

வண்டு வேறு, துணியைத் தின்னும் புழு வேறு மாதிரி இருக்கும். இரண்டும் ஒரே பூச்சிதான் என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

வளர்ந்த வண்டு 2 முதல் 3 மி.மீ. தான், குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிது. உருண்டையாக இருக்கும், முதுகில் பழுப்பு, வெள்ளை, கறுப்புத் திட்டுகள். ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் ஜன்னல் விளிம்பில் செத்தும் உயிரோடும் கிடக்கும். இது துணியைத் தின்பதே இல்லை, பூவின் மகரந்தமும் தேனும்தான் இதற்குச் சாப்பாடு. வெளிச்சத்தைத் தேடி வெளியே போகத்தான் ஜன்னலுக்கு வருகிறது. ஆக, மூடிய ஜன்னலின் உட்பக்கம் அடிக்கடி பத்துப் பதினைந்து கிடந்தால், அவை உங்கள் வீட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவையாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு.

புழு 4, 5 மி.மீ. நீளம், பழுப்பு நிறம், உடம்பில் குறுக்கே பட்டை பட்டையாக ரோமம், வால்பக்கம் ஒரு குஞ்சம். நம்மூர்க் கம்பளிப்பூச்சியைச் சுருக்கி வைத்தது மாதிரி. இங்கே இதற்கு ‘வுல்லி பேர்’ என்று பேர், பூச்சி மருந்துக்காரரிடம் போனில் அப்படிச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார். இன்னொரு வகைக் கம்பள வண்டின் புழு கேரட் மாதிரி ஒருபக்கம் சிறுத்து, பின்னால் நீள முடி வைத்திருக்கும். இரண்டுக்கும் செய்ய வேண்டியது ஒன்றுதான். புழு வெளிச்சத்துக்கு வராது. அதைவிட, அது உரித்துப்போட்ட சட்டைதான் நிறையக் கிடைக்கும். வளர வளரப் பல முறை உரிக்கும், காய்ந்த சட்டை புழுவைப் போலவே இருக்கும், ஊதினால் பறக்கும்.

எதோடு குழப்பிக்கொள்வோம்?

அந்துப்பூச்சி: அதுவும் கம்பளியையும் பட்டையும் தின்னும், ஆனால் ஓட்டையைச் சுற்றி நூலாம்படை மாதிரி மெல்லிய இழையோ சின்னக் கூடோ விட்டுப்போகும். கம்பள வண்டுப் புழு இழை பின்னாது.

மூட்டைப்பூச்சி: இந்தக் குழப்பம்தான் காசைக் கரைக்கும். கம்பள வண்டு கடிக்காது. ஆனால் புழுவின் ரோமம் உதிர்ந்து தோலில் பட்டால் சிலருக்குக் கடித்தது போலவே சிவந்து தடிக்கும். என் மகளுக்குக் கழுத்திலும் முழங்கையிலும் வந்தபோது மூட்டைப்பூச்சி என்றே நினைத்து மெத்தையைத் தூக்கிப்போடப் பார்த்தோம். மூட்டைப்பூச்சி என்றால் மெத்தைத் தையலில் கறுப்புப் புள்ளிகளும் விரிப்பில் ரத்தக் கறையும் தெரியும். அது இல்லாமல் ரோமச் சட்டை மட்டும் கிடந்தால் கம்பள வண்டு. தடிப்புக்கு பார்மசியில் காட்டுங்கள், குழந்தைக்கு இளைப்பு மாதிரி இருந்தால் தள்ளிப்போடாமல் ஜி.பி. என்ற குடும்ப டாக்டரிடம் போங்கள்.

கிடைத்த வண்டு, புழு, சட்டை எதையும் எறியாதீர்கள். செலோடேப்பில் ஒட்டி ஒரு வெள்ளைத் தாளில் பதித்து, எந்த அறை, எந்தத் தேதி என்று பக்கத்திலேயே எழுதுங்கள். இந்தத் தாள் அடுத்த படிக்கு வேண்டும்.

2. எதையும் தெளிப்பதற்கு முன் எழுத்தில் தெரிவியுங்கள்

வாடகை வீடு என்றால் இதைத் தாண்டிப் போகாதீர்கள். நம் ஆட்கள் பெரும்பாலும் போனில் சொல்லிவிட்டு விட்டுவிடுவோம், “சொன்னேனே” என்று பின்னால் சொன்னால் அதற்கு மதிப்பில்லை. வீட்டுக்காரருக்கோ, அவர் சார்பில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்டுக்கோ மின்னஞ்சல் அனுப்புங்கள். நீளமாக வேண்டாம்: எந்தத் தேதியில் முதலில் பார்த்தீர்கள், எந்தெந்த அறை, என்ன சேதம், படங்கள், அப்புறம் ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்லி ஒரு தேதி. நான் 14 நாள் கொடுத்தேன். படம் எடுக்கும்போது பூச்சிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேல் அல்லது ஒரு பென்னி நாணயம் வையுங்கள்.

கையில் எடுத்து வைக்க வேண்டியவை: வாடகை ஒப்பந்தம், குடிவரும்போது கொடுத்த இன்வென்டரி (வீட்டில் என்னென்ன, எந்த நிலையில் என்ற பட்டியல்), டெபாசிட் பதிவுச் சான்று, வாங்கிய பொருள்களின் ரசீதுகள். ஒப்பந்தத்தில் பூச்சி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தேடிப் படியுங்கள், குடியிருப்பவரால் வந்த பூச்சிக்குக் குடியிருப்பவரே பொறுப்பு என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். அதனால்தான் எங்கிருந்து வந்தது என்பது முக்கியமாகிறது. கட்டடத்தில் உள்ள குறையால் வந்தது, அல்லது நீங்கள் வரும் முன்பே இருந்தது என்று காட்ட முடிந்தால் வீட்டுக்காரரின் பொறுப்பு என்று வாதாடலாம். இந்தப் புழு வளர்ந்து வண்டாக இங்கே பெரும்பாலும் ஒரு வருடம் ஆகும், சிலசமயம் இரண்டு மூன்று வருடம்கூட. நீங்கள் வந்தே மூன்று மாதம், கார்ப்பெட்டுக்கு அடியில் குவியலாகச் சட்டை கிடக்கிறது என்றால் அது உங்களுக்கு வலுவான ஆதாரம்.

இங்கிலாந்தில் வீடு குடியிருக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்று 2018இல் ஒரு சட்டம் வந்து, 2019 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கடுமையான பூச்சித் தொல்லையும் அதில் கணக்கில் வரும். பதிலே வராவிட்டால் உங்கள் கவுன்சிலின் (உள்ளூர் நகராட்சியின்) சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கு எழுதலாம். ஸ்காட்லாந்து, வேல்ஸில் இருப்பவர்களுக்குச் சட்டம் வேறு, அங்குள்ள விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கதையில் ஏஜென்ட் முதலில் “உங்கள் துணியிலிருந்து வந்திருக்கும், நீங்களே ஆள் வையுங்கள்” என்றுதான் பதில் எழுதினார். அது எப்படி மாறியது என்று அடுத்த படியில் சொல்கிறேன். வீட்டுப் பொருள் காப்பீட்டை நம்பி இருக்காதீர்கள், பூச்சி அரித்த சேதத்தைப் பெரும்பாலான பாலிசிகள் ஒதுக்கிவிடும். புடவைக்கு எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

3. ஊற்றைத் தேடுங்கள்

இதற்கு ஒரு சனிக்கிழமை முழுக்க ஒதுக்குங்கள். டார்ச், பழைய ஏ.டி.எம். கார்டு, செலோடேப், முழங்காலுக்கு ஒரு தலையணை. இவ்வளவுதான் கருவி. அலமாரியில் ஓட்டை விழுந்திருக்கிறது என்பதற்காக ஊற்றும் அலமாரியில்தான் என்று நினைக்காதீர்கள். புழு ஊர்ந்து வெகுதூரம் வரும், சாப்பாடு இல்லாமல் மாதக்கணக்கில் தாங்கும்.

இது தின்பது விலங்குப் பொருள்: கம்பளி, பட்டு, முடி, இறகு, தோல், செத்த பூச்சி. பாலியெஸ்டர், நைலானைத் தின்னாது. பருத்தியை வெறுமனே தின்னாது, ஆனால் வியர்வையோ, சாப்பாட்டுக் கறையோ, கஞ்சியோ இருந்தால் கடிக்கும். கஞ்சி போட்டு மடித்து வைத்த சுங்குடி, செட்டிநாட்டுப் புடவைகளையும் பாருங்கள்.

நம் வீடுகளில் இன்னும் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன.

கட்டிலுக்கு அடியில் கார்ப்பெட் சுவரைத் தொடும் ஓரம். நீள முடி இருக்கும் பெண்கள் உள்ள வீட்டில் அங்கே முடி சேரும். வாக்குவம் கிளீனரின் அகலத் தலை அந்த ஓரத்தைத் தொடவே தொடாது. தரையை ஒட்டிச் சுவரில் அடித்திருக்கும் ஸ்கர்ட்டிங் பலகைக்கும் கார்ப்பெட்டுக்கும் நடுவில் ஏ.டி.எம். கார்டை விட்டு இழுத்தேன், முடியும் தூசியும் ஒரு கயிறு மாதிரி திரண்டு வந்தது, அதில் எண்ணி இருபதுக்கு மேல் சட்டை, இரண்டு உயிரோடு.

பூஜை அலமாரி. மயிலிறகு வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள், இறகு தண்டோடு நின்று ஓரமெல்லாம் கத்தரித்த மாதிரி இருந்தால் புழு வேலை. சவுரி முடி, பரதநாட்டிய ஜடை வைத்த டப்பா. மிருதங்கம், தவில் இருந்தால் தோலும் வாரும் சேரும் இடம். வாத்தியத்துக்கு மருந்து அடிக்காதீர்கள், ஃப்ரீசரிலும் வைக்காதீர்கள், மெல்லிய பிரஷால் தட்டி எடுத்து வாத்தியம் சரிசெய்பவரிடம் காட்டுங்கள்.

சமையலறை. ஊரிலிருந்து வந்த கருவாடு, மிளகாய்த்தூள், ரவை, சத்துமாவு. கம்பள வண்டுப் புழு உலர்ந்த சாப்பாட்டுப் பொருளையும் தின்னும், அலமாரியின் பின்மூலையில் சிந்திய மாவிலும் இருக்கும். எல்லாவற்றையும் இறுக்கமான மூடி போட்ட டப்பாவுக்கு மாற்றுங்கள்.

ரேடியேட்டர் பின்புறம், ட்யூப்லைட் கவர், லாம்ப் ஷேடுக்குள் செத்துக் கிடக்கும் ஈக்கள். சோபாவின் இருக்கைக்கு அடியில். பழைய கார்ப்பெட்டுக்கு அடியில் போட்டிருக்கும் ஃபெல்ட், அந்தக் காலத்தில் விலங்கு முடியில் செய்தது, அதுவே இதற்குத் தீனி. மூலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்றால் ஏஜென்டிடம் எழுதிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், ஓரத்தில் ஆணி வரிசை உள்ள மரப்பட்டை இருக்கும், கையைக் கிழிக்கும்.

கடைசியாகக் கட்டடம்: பரண், கூரை விளிம்பு, புகைபோக்கி. குருவி, புறா, மைனா வகைப் பறவைக் கூடுகளும் பழைய குளவிக் கூடுகளும்தான் இந்த வண்டின் சொந்த வீடு. அங்கே பெருகி, கூடு காலியானதும் நம் வீட்டுக்குள் இறங்கும். எங்கள் படுக்கையறையில் அடைத்த ஒரு பழைய கணப்பு இருந்தது, அதன் மேல் காற்றுக்காக ஒரு சின்னப் பிளாஸ்டிக் ஜாலி. அதற்கு எதிரில்தான் அலமாரி. நான்கு திருகாணியைக் கழற்றி ஜாலியை எடுத்ததும் உள்ளே காய்ந்த புல், இறகு, ஒரு சின்ன எலும்புக்கூடு, அதன் மேல் அவ்வளவு புழு. என் கணவர் அந்த ஜாலியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் பேசவே இல்லை. படம் எடுத்து அன்று ராத்திரியே ஏஜென்டுக்கு அனுப்பினோம். மூன்றாம் நாள், வீட்டுக்காரர் செலவிலேயே ஆள் அனுப்புவதாகப் பதில் வந்தது.

இரண்டு எச்சரிக்கை. பறவை குடியிருக்கும் கூட்டை எடுப்பது 1981ஆம் வருடச் சட்டப்படி குற்றம். பெரும்பாலும் மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை முட்டையும் குஞ்சும் இருக்கும் காலம், அது முடிந்து கூடு காலி என்று உறுதியானபின் எடுக்கச் சொல்லுங்கள். பரணில் வவ்வால் இருந்தால் நீங்களாக எதையும் தெளிக்கக் கூடாது, வவ்வாலுக்கும் அதன் இருப்பிடத்துக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. பூச்சி மருந்துக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

4. துணிகளைப் பிரித்துக் காப்பாற்றுங்கள்

அலமாரியைக் காலி செய்து மூன்று குவியலாகப் பிரியுங்கள். அறை அறையாகத் துணியைத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள், புழுவையும் சேர்த்துக்கொண்டு போவீர்கள். அந்த அறையிலேயே பெரிய பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப் போங்கள்.

பருத்தி, படுக்கை விரிப்பு, துண்டு, வேட்டி: 60 டிகிரியில் துவையுங்கள். முட்டை, புழு, வண்டு மூன்றும் சாகும். 30, 40 டிகிரியில் சாகும் என்று நம்பாதீர்கள்.

கம்பளிக் கோட்டு, சூட்: டிரை கிளீனிங். அதிலும் எல்லாம் சாகும். பையைக் கட்டிக் கொடுத்து, ஏன் என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள், அவர் கடையிலும் மற்றவர்கள் துணி இருக்கிறது. பட்டுப்புடவைக்கு என்னிடம் ஒன்றுக்கு 12 பவுண்ட் கேட்டார்கள், ஏற்கெனவே கறை இருந்த நான்கை மட்டும் கொடுத்தேன்.

மற்ற பட்டுப்புடவை, பட்டு வேட்டி, காஷ்மீர் சால்வை: ஃப்ரீசர். அருங்காட்சியகங்களில் பழைய துணிகளுக்கு இதையேதான் செய்கிறார்கள். மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். முதலில் ஃப்ரீசர் கதவில் உள்ள நட்சத்திரத்தை எண்ணுங்கள். ஒரு நட்சத்திரம் மைனஸ் 6, இரண்டு மைனஸ் 12, மூன்று மைனஸ் 18. சின்ன ஃப்ரிட்ஜின் மேல்தட்டு ஐஸ் பெட்டி பல சமயம் போதாது. நாலு பவுண்டுக்கு ஒரு ஃப்ரீசர் தெர்மாமீட்டர் வாங்கி ஒரு நாள் உள்ளே வைத்துப் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

புடவையை உதறி, பிளவுஸ் துணி, ஃபால்ஸ் தையல் எல்லாம் பார்த்து, தளர்வாக மடித்து ஒரு சுத்தமான பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள். கெட்டியான பாலிதீன் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி டேப் ஒட்டுங்கள். அதன் மேல் இன்னொரு பை. தேதியை எழுதுங்கள். பையில் சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. பதினான்கு நாள் கழித்து எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். இதுதான் பலர் கெடுத்துக்கொள்ளும் இடம். குளிர்ந்த புடவை மேல் அறைக் காற்று பட்டால் வியர்த்துவிடும், அந்த ஈரம் ஜரிகைக்கு ஆகாது. கட்டிய பையை அப்படியே ஒரு முழு நாள் வெளியில் வைத்து, அறைச் சூட்டுக்கு வந்தபின் திறக்க வேண்டும். பிறகு பழைய அலமாரிக்கே திரும்பக் கொண்டுபோகாதீர்கள். 5ஆம், 6ஆம் படி முடியும்வரை கட்டிய பையிலேயே இருக்கட்டும், உறைய வைத்தது உள்ளே இருந்ததைக் கொல்லும், புதிதாக வருவதைத் தடுக்காது.

ஒரு டிராயரில் மூன்று புடவைக்கு மேல் வைக்காதீர்கள், நடுவில் இருப்பது சரியாகக் குளிராது. என்னிடம் பதினேழு இருந்தது, என் ஃப்ரீசரிலும் பக்கத்துத் தெருவில் இருக்கும் அக்காவின் ஃப்ரீசரிலும் மாற்றி மாற்றி வைத்து முடிக்க ஆறு வாரம் ஆனது. காத்திருக்கும் புடவைகளைத் தனித்தனிப் பையில் கட்டியே வைத்திருந்தேன்.

5. வாக்குவம்: தினமும், ஓரத்தில்

இந்த வேலையில் பாதிக்கு மேல் இதுதான். நடுவில் ஓட்டுவதால் பெரிய பயன் இல்லை, குழாயின் முனையில் மாட்டும் ஒடுக்கமான மூக்கைப் போட்டு ஸ்கர்ட்டிங் ஓரம், கட்டில் கால், அலமாரி உள்மூலை, அலமாரிக்கு அடி, ரேடியேட்டர் பின்புறம், சோபா இடுக்கு. முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு மூன்று மாதம் வாரம் இரண்டு முறை. அலமாரியையும் கட்டிலையும் வாரம் ஒரு முறையாவது நகர்த்துங்கள்.

முடிந்த உடனேயே பையைக் கழற்றிக் கட்டி வெளித் தொட்டியில் போடுங்கள். பை இல்லாத வகை என்றால் வீட்டுக்கு வெளியே வைத்துக் கொட்டி, டப்பாவைச் சூடான சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். வீட்டுக்குள்ளேயே மூலையில் வைத்தால் அந்தப் பை முழுக்க முடியும் தூசியும், புழுவுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. கூடுதல் பை வாங்க எனக்கு 14 பவுண்ட் ஆனது.

6. மருந்து: யார், எப்போது, எவ்வளவு

ஊற்றை எடுத்து, துணியைப் பிரித்து, ஓரங்களைச் சுத்தம் செய்தபின் மருந்து அடித்தால்தான் அது வேலை செய்யும். நான் முதலில் அடித்தது ஏன் வீணானது என்று இப்போது தெரிகிறது: புகைபோக்கியில் கூட்டம் அப்படியே இருந்தது, மருந்து தூசிக்கு மேல் விழுந்தது.

கவுன்சில்கள் சில பூச்சி மருந்து அடிக்க ஆள் அனுப்பும், பெரும்பாலும் கட்டணம் உண்டு, முதலில் அங்கே கேளுங்கள். எங்களுக்கு வந்தது தனியார், இரண்டு வருகைக்கும் சேர்த்து 165 பவுண்ட், வீட்டுக்காரர் கட்டினார். விலை கேட்கும்போது இவற்றையும் கேளுங்கள்: எத்தனை வருகை, இடையில் எத்தனை வாரம், பரணும் சேருமா, மீண்டும் வந்தால் இலவசமா, எழுத்தில் அறிக்கை தருவார்களா. அறிக்கை மிக முக்கியம், பின்னால் டெபாசிட்டுக்கு உதவும். எங்களுக்கு இரண்டாவது வருகை நான்கு வாரம் கழித்து. முட்டையை மருந்து கொல்வது கடினம், முட்டையிலிருந்து இரண்டு மூன்று வாரத்தில் புழு வரும், அதைப் பிடிக்கத்தான் இரண்டாம் முறை.

அடித்தபிறகு கார்ப்பெட் காயும்வரை உள்ளே போகக் கூடாது, அவர் சொல்லும் நாள்வரை அந்த இடத்தில் வாக்குவம் போடக் கூடாது. எங்களுக்கு இரண்டு வாரம் சொன்னார்.

நீங்களே அடிப்பதாக இருந்தால், டின்னில் கம்பள வண்டு என்று எழுதியிருக்க வேண்டும், ஹெச்.எஸ்.இ. (பூச்சி மருந்துக்கு அனுமதி தரும் அரசு அமைப்பு) எண் இருக்க வேண்டும். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி உள்ள மருந்து ஓரங்களுக்கும் பலகை இடுக்குக்கும்தான், துணி மேல் அடிப்பதற்கில்லை. பூனை இருக்கும் வீட்டில் கவனம், பெர்மெத்ரின் பூனைக்குக் கடும் விஷம், மீன் தொட்டிக்கும் ஆகாது. அறையை மூடிப் புகை விடும் டப்பாக்களில் காசை விடாதீர்கள், புகை இடுக்குக்குள் போய்ச் சேர்வதில்லை.

அப்புறம் பாச்சை உருண்டை. ஊருக்குப் போய்வரும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் நிறைய, நானும் வைத்திருந்தேன். நாப்தலின் உருண்டை இங்கே 2008லிருந்து விற்பனைக்குத் தடை. கைக்குழந்தை இருக்கும் வீட்டில், குறிப்பாக ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு, அந்த வாசனை ஏறிய துணி ரத்த அணுக்களை அழித்துக் கடும் சோகையை உண்டாக்கலாம். குழந்தை பிறந்த வீட்டில் எடுத்து வைத்த பழைய துணியைப் போர்த்தும் வழக்கம் நமக்கு உண்டு, தயவுசெய்து இதை மனதில் வையுங்கள். ஊரில் வாங்கிய பூச்சி ஸ்ப்ரேயையும் இங்கே மூடிய கார்ப்பெட் அறையில் அடிக்காதீர்கள்.

வசம்பு, வேப்பிலை, லாவெண்டர் பை வைக்கலாம், வாசனை நன்றாக இருக்கும். அதை மட்டும் வைத்துவிட்டு இருந்துவிடாதீர்கள், வந்த புழுவை அது விரட்டாது.

7. திரும்பி வராமல் பார்ப்பது

பட்டுப்புடவையை அழுக்கோடு மடித்து வைக்கக் கூடாது. ஒரு கல்யாணத்துக்குக் கட்டினாலும் வியர்வையும் சந்தனமும் இருக்கும். காற்றாட விட்டு, கறை இருந்தால் எடுத்து, பருத்தித் துணியில் சுற்றி, ரப்பர் விளிம்பு வைத்த மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து உதறி, மடிப்பை மாற்றி மடியுங்கள். மடிப்பு மாற்றினால் பட்டு மடிப்பில் கிழியாமல் இருக்கும் என்று அம்மா சொல்வார்கள், அதோடு புழு வந்திருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

நான்கு ஒட்டும் பொறிகளை ஒன்பது பவுண்டுக்கு வாங்கி அலமாரி அடியிலும் ஜன்னல் அருகிலும் வைத்தேன். இது பூச்சியை ஒழிக்க அல்ல, எண்ணத்தான். வாரா வாரம் எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். பிப்ரவரியில் எனக்கு வாரத்துக்கு ஏழெட்டு வந்தது, ஏப்ரலில் ஒன்று, மே கடைசியில் ஒன்றுமில்லை. புழுப் பருவம் நீளம் என்பதால் அடுத்த ஜூன் வரை பொறியை எடுக்கவில்லை.

வசந்த காலத்தில் வெளியிலிருந்து பறித்த பூவை உதறிவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். புகைபோக்கி ஜாலிக்குப் பின்னால் மெல்லிய உலோக வலை வைக்கச் சொல்லுங்கள், காற்றை அடைக்காமல்.

8. செலவும் காலமும்

என் கையிலிருந்து போனது: பொறி 9, வாக்குவம் பை 14, தெர்மாமீட்டர் 4, பாலிதீன் பையும் டேப்பும் 6, டிரை கிளீனிங் 48. மொத்தம் 81 பவுண்ட். முதல் நாள் வாங்கி வீணடித்த ஸ்ப்ரே தனி. முகூர்த்தப் புடவையை ஊருக்குப் போனபோது சென்னையில் டார்னிங் செய்பவரிடம் கொடுத்தேன், சின்ன ஓட்டைகள் தெரியாத அளவுக்கு வந்துவிட்டது, பெரியது உட்கொசுவத்தில் போய்விடும். ஊருக்கு எடுத்துப் போகும் முன்பும் ஒரு முறை ஃப்ரீசரில் வைத்தே எடுத்துப் போனேன், அம்மா வீட்டு பீரோவில் கொண்டுபோய் விடக் கூடாது என்று.

வீட்டைக் காலி செய்யும்போது கார்ப்பெட் சேதத்துக்கு டெபாசிட்டில் பிடிக்கப் பார்த்தால், நீங்கள் முதலில் அனுப்பிய மின்னஞ்சல், படங்கள், பூச்சி மருந்துக்காரரின் அறிக்கை மூன்றையும் டெபாசிட் பதிவு செய்திருக்கும் அமைப்புக்கு அனுப்புங்கள். அவர்களின் தகராறு தீர்க்கும் சேவைக்குக் கட்டணம் இல்லை, பிடித்தம் நியாயம் என்று நிரூபிக்க வேண்டியது வீட்டுக்காரர்.

அடுத்த வீடு பார்க்கப் போகும்போது ஏஜென்ட் சமையலறையைக் காட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் படுக்கையறை ஜன்னல் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், அப்படியே குனிந்து அலமாரிக்குப் பின்னால் கார்ப்பெட் ஓரத்தில் டார்ச் அடியுங்கள். கார்ப்பெட் கம்பளியா செயற்கை இழையா, புகைபோக்கி மூடியிருக்கிறதா என்று கேளுங்கள். சாவி வாங்கிய அன்றே, பெட்டியைப் பிரிக்கும் முன், இந்த ஓரங்களை எல்லாம் படம் எடுத்து இன்வென்டரியோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள்.